ஏழாவது ஆளாக நின்ற அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. தங்கையாக நான் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா இறந்ததும் பதினெட்டு வயதில் ஃபேக்டரி வேலைக்குப் போய் என்னை நர்சிங் படிக்க வைத்தார். அந்த வருடங்களில்தான் கூட்டாளிகளோடு கால்பந்து கிளப் தொடங்கினார். சரிவை வெட்டி மைதானமாக்கினார்கள். பந்து வெளியே போனால் தேயிலைக்குள் உருண்டுவிடும். ஆட்டத்தை நிறுத்தி எல்லோரும் தேடுவார்கள். ஜில்லா லீக்கில் இடம் கிடைத்த அன்று லயம் முழுவதும் பாயசம். என் நிச்சயதார்த்தத்துக்கு ஆடிய சேறோடு வந்து நின்றதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எஸ்டேட் பூட்டப்பட்டபோது ஆட்டக்காரர்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். ஒரு லீக் ஆட்டத்துக்கு அணி போகவில்லை. இன்னொன்றுக்கும் வராவிட்டால் கிளப்பின் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. களமிறங்க ஏழு பேராவது வேண்டும். ஆறு பேர்தான் இருந்தார்கள். அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு, முழங்கால் வீங்கியிருந்தது.

“இந்தக் கால வச்சுக்கிட்டு எங்க கெளம்பிட்டீக?” என்று மதினி மறித்தார்.

“கோல்ல போயி நிக்கத்தான் போறேன். ஆளு இருந்தாப் பேர வெட்ட மாட்டாங்க.”

அன்று ஒன்பது கோல் வாங்கினார். ஒவ்வொரு முறையும் வலையிலிருந்து பந்தைத் தானே எடுத்து எறிந்து, “வாங்கலே, ஆடுவோம்” என்றார். முடிந்ததும் எதிரணியின் மலையாளிக் கேப்டன் ஓடிவந்து அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். “சேட்டா, அடுத்த வர்ஷமும் வரணம்” என்றார்.

செய்தி திருப்பூருக்கு எட்டியது. மறுவாரம் ஐந்து பேர் பஸ் மாறி மாறி வந்து ஆடினார்கள். அந்த வருடம் கடைசி இடம்தான், ஆனால் பெயர் பிழைத்தது. கிளப் இன்றும் ஆடுகிறது.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த மாதங்களில், ஞாயிறு மாலை ஆனால் ஆட்டத்தின் முடிவுக்காக அண்ணனின் கண் வாசலிலேயே இருக்கும். கிளப் தோற்ற ஒரு நாளில், “சமம்ண்ணே” என்றேன். “ஒனக்குப் பொய் சொல்லவே வராதும்மா” என்று சிரித்தார்.

முறைவைத்து டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்ற ஆட்டக்காரர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய லயத்து வீடுகளுக்கும் எங்கள் நன்றி. அடக்க நாளன்று கிளப்புக்கு ஆட்டம் இருந்தது. தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டவர்களிடம் மதினி, “வேண்டாம்யா. காலையில அடக்கம் முடிச்சிட்டு மத்தியானம் போயி ஆடுங்க” என்றார். கறுப்புத் துணி கட்டி ஆடிய இரு அணிகளுக்கும் நன்றி. அதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்திராத மதினி, அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார்.