என் மகள் பேசிய இங்கிலீஷ்

கிளாஸ்கோவில் எங்கள் தெருமுனை ரொட்டிக் கடைக்காரம்மாவுக்கு என்மேல் தனி இரக்கம். முன்னால் நிற்பவர்களிடம் மளமளவென்று பேசிக்கொண்டிருப்பவர், என் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, லண்டன் டெலிவிஷனில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்குவார். வெளிநாட்டுக்காரிக்கு நல்ல இங்கிலீஷில் சொன்னால்தான் விளங்கும் என்ற நினைப்பு. வேடிக்கை என்னவென்றால், அதுவரை அவர் மற்றவர்களிடம் பேசியதெல்லாம் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்திருக்கும். அந்த நல்ல இங்கிலீஷ்தான் புரியாது. ஒருநாள் துணிந்து, "எப்போதும் போலவே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கள் பேச்சையெல்லாம் கற்றுக்கொள்ளாதேம்மா, மட்டமான இங்கிலீஷ் அது" என்றார். தன் ஊரில், தன் கடையில் நின்றுகொண்டு தன் பேச்சுக்காக ஒருவர் கூச்சப்படுகிறார். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கூச்சத்தோடு வளர்ந்தவள் நான்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம் எங்களுடையது. சாமையும் புளியும்தான் பிழைப்பு. மலையில் நாலு பேர் கூடினால் அப்பாவின் குரல்தான் மேலே கேட்கும். அதே அப்பா புளி மூட்டையோடு போளூர் மண்டிக்குப் போனால் வாயே திறக்கமாட்டார். தப்பித்தவறி ஏதாவது சொல்லிவிட்டால், மலைக்காரர்கள் கடைசி எழுத்தை நீட்டுவதை மண்டியில் இருப்பவர்கள் அப்படியே இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். "இன்னா மலைக்காரரே, இன்னொரு வாட்டி சொல்லு, காது குளிரக் கேக்கறோம்" என்பார்கள். பிறகு நான் நர்ஸ் படிப்புக்கு வேலூர் போனேன். அங்கே விடுதியில் தெற்கத்திப் பெண்கள், போளூர்க்காரப் பெண் ஒருத்தி 'இன்னா' என்றும் 'வூடு' என்றும் சொல்வதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போளூர்க்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் உலகத்தில் ஆள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனாலும் நானும் பயந்துபோய், புத்தகத்தில் இருப்பதுபோலவே தமிழ் பேசப் பழகிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிளாஸ்கோவுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது பரீட்சை எழுதும் இங்கிலீஷ் மட்டும்தான். பேசும் இங்கிலீஷை வார்டில் படுத்திருந்த கிழவிகளும், எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து வம்பளந்த பெண்களும்தான் கொடுத்தார்கள். இங்கே வந்தபின் பிறந்த என் மகள் மல்லிகாவும் அந்தச் சமயத்தில்தான் பேசத் தொடங்கினாள். தாயும் மகளும் ஒரே படிக்கட்டில், ஒரே சமயத்தில் ஒரு பாஷையைப் பிடித்தோம். ஆமாம் என்பதற்கு 'ஐ', குட்டி என்பதற்கு 'வீ', 'ர்' வந்தால் நாக்கை உருட்ட வேண்டும். என் கணவர் ஏழுமலை போளூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அவரிடம் தமிழில் பேசுவோம். நானும் மல்லிகாவும் மட்டும் இருந்தால் கிளாஸ்கோ பேச்சுதான். கோபம், கொஞ்சல், இரகசியம் எல்லாம் அதில்தான் நடந்தது. "ரெண்டு கிளாஸ்கோக்காரிங்ககிட்ட மாட்டிக்கினேன்" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

பிறகு கப்பல் தளத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கு வேலை போனது. அவரும் மல்லிகாவும் ஊருக்குத் திரும்பிவிடுவது, அவர் அங்கே ஒரு வெல்டிங் பட்டறை போடுவது, நான் மட்டும் இன்னும் சில வருடம் இங்கே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தோம். மல்லிகா ஐந்தாம் வகுப்பில் சேர வேண்டும். அது நடந்தால்தான் எங்கள் திட்டம் நிற்கும். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இங்கிலீஷ்காரர் தேசத்தில் பிறந்து வளர்ந்தவளை எந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறது? விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்த பள்ளிக்கூடம் அது. தலைமையாசிரியை நம் ஊர்ப் பெண்மணி. கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை மாதிரி இருந்தது அவருடைய இங்கிலீஷ், ஒரு சுருக்கம் கிடையாது. "உன் பெயர் மல்லிகாதானே?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ஐ" என்றாள் மல்லிகா. அவருக்கு அது 'நான்' என்று கேட்டது. "நான்... பிறகு?" என்று காத்திருந்தார். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் மறுபடியும் "ஐ" என்றாள். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்துகளை நடுவில் விழுங்கி, கடைசியில் 'ர்'ரை உருட்டி, படிக்கட்டில் கதை சொல்வது போலக் குஷியாக வாசித்தாள். பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த இங்கிலீஷை யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"அவ பொறந்ததே அங்கதாங்க மேடம், ஸ்காட்லாந்துல."

"எங்க மூணாங்கிளாஸ் பிள்ளைங்க இதைவிடச் சுத்தமா பேசுவாங்க. அங்கேயே உட்காரட்டும். நாக்கு திருந்தினதும் மேல ஏத்தறேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு குழந்தையைச் சீர்படுத்துவதாகவே நினைத்தார். ஆனால் மல்லிகாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த சந்திப்புக்கு ஒரு வாரம் கேட்டுக்கொண்டு, என் அண்ணன் சடையன் வீட்டுக்கு மலைக்குப் போனோம். அந்த வாரம் முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை. என்னோடுகூடப் பேசவில்லை. நான் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

"இன்னா தங்கச்சி, பொண்ணு ஊமையாட்டம் கீறா?" என்றார் அண்ணன். நடந்ததைச் சொன்னேன். புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"மண்டியில நம்ம அப்பன் வாயை மூடிக்கினு நின்னாரு. இவ சீமையில பொறந்தும் அதே கதிதானா?"

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு இன்னா பண்றது மச்சான்? அந்த அம்மா மாதிரி பேசுனாத்தான் சீட்டு. ரெண்டு வகுப்பு கீழ போய்க் குந்த வைக்கட்டுமா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நானும் புளியங்கொட்டை தட்டத் தொடங்கினேன். மல்லிகா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை அந்த அறைக்குள் போனதும் மல்லிகா கையைக் கட்டிக்கொண்டு நின்று, வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை. தலைமையாசிரியையின் குரலே திரும்பி வந்தது. அதே நிறுத்தம், அதே ஏற்ற இறக்கம், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. ஒரே ஒருமுறை கேட்டதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பார்த்தீங்களா, ஒரே வாரத்துல எவ்வளவு முன்னேற்றம்!" என்று சொல்லி ஐந்தாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஏழுமலை மகளைத் தூக்கிச் சுற்றினார். நான் சிரித்தேன், ஆனால் அழுகையை அடக்கத்தான் பெரும்பாடு பட்டேன். நாலு நாள் கழித்து விமானம் ஏறினேன்.

போன வாரம் ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. பள்ளி விடுமுறைக்கு மல்லிகா மலைக்குப் போயிருந்தபோது மாமா வீட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். "மை டியர் மதர்" என்று தொடங்கினாள். உடல்நலம், படிப்பு, மழை எல்லாம் அந்தத் தேய்த்து மடித்த இங்கிலீஷில். பரிசு வாங்கும் பிள்ளை மேடையில் பேசுவது போல இருந்தது. பேசி முடித்தபின் யாரோ டேப்பை நிறுத்த மறந்திருக்கிறார்கள். கோழிச் சத்தம், காற்று, யாரோ கூப்பிடுவது. எதிர்ச்சரிவில் நிற்கும் மாமன் மகளுக்குக் கேட்கும்படி, கடைசி எழுத்தை நீட்டி என் மகள் கத்துகிறாள்: "இன்னாடீ... இரு, வர்றேன்!" அசல் மலைக்காரிக் குரல். கைதட்டிச் சிரித்துவிட்டேன். நான் வேலூரில் ஒளித்துவைத்த பேச்சு அவள் வாயில் கூச்சமே இல்லாமல் வருகிறது. சந்தோஷம் தாளவில்லை. அப்புறம் டேப்பைத் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் முழுதாகக் கேட்டேன். நாங்கள் இருவரும் படிக்கட்டில் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட எங்கும் இல்லை.

இந்த ஊரில் தெருவெல்லாம் அந்தப் பேச்சுதான் கேட்கிறது. ஆனால் அவளோடு அதைப் பேச என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. பதில் பேசப் புதுக் கேசட்டைப் போட்டேன். தமிழில் தொடங்கி அழித்தேன். அவளுடைய பள்ளிக்கூட இங்கிலீஷில் தொடங்கி அதையும் அழித்தேன். மூன்றாவதாகப் பட்டனை அழுத்தி, மலையில் எதிர்ச்சரிவுக்குக் கூப்பிடுவதுபோல அவள் பெயரை நீட்டி அழைத்துவிட்டு, 'ர்'ரை உருட்டி, எழுத்துகளை விழுங்கி, கிளாஸ்கோ பேச்சில் பேச ஆரம்பித்தேன். மேல்மாடிக்காரர் சத்தம் தாங்காமல் தரையைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை.