நெற்றியில் எண் எழுதிய நடுகல்

புதன்கிழமை காலை ஒன்பது இருபது. பல்கலைக்கழகக் கண்காட்சிக் கூடத்தில் நான் முதலில் பார்த்தது, நடுகல் வீரனின் நெற்றியில் மஞ்சள் பெயிண்டால் எழுதியிருந்த எண்ணை. பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஸ்டோர் பதிவேட்டில் அவனுக்கு மேல் வரியில் ஒரு மின்விசிறி, கீழ் வரியில் இரண்டு பெஞ்சு.

வாகனத்தில் வந்து இறங்கும் எதற்கும் எண் போடுவது அந்த வளாகத்தின் வழக்கம். ஸ்டோர்க்காரர் கடமை தவறாதவர். பல நூறு ஆண்டுகளாக வாளை ஓங்கிக்கொண்டு நின்ற ஒருவன் இதுவரை எண் இல்லாமல் இருந்ததை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கல் வெண்ணந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. வரப்பை அகலப்படுத்தியபோது பெயர்ந்து, அவர் களத்தில் சாய்ந்து கிடந்தது. பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் கண்காட்சிக்கு விளக்க அட்டைகள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த விவசாயி எனக்குப் பழக்கம் என்பதால் கல்லைக் கேட்டதும் நான்தான்.

"குடுக்கறதுக்கு என்னங்க. வெள்ளிக்கிழமை பங்காளிக எல்லாம் வந்து பொங்கல் வைக்கோணும். அதுக்குள்ள ஊட்டுக்கு வந்துருமுங்களா?" என்றார்.

வியாழன் மாலை களத்தில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழன் மதியம் மினி லாரியோடு கல்லை எடுக்க வந்த விவசாயியை ஸ்டோர்க்காரர் மறித்தார்.

"நம்பர் விழுந்துட்டா அது வளாகத்துச் சொத்துங்க. வெளிய போகோணும்னா, உபயோகமில்லாததுன்னு கமிட்டி எழுதோணும்."

"எங்க குலசாமியவா உபயோகமில்லைன்னு எழுதுவீங்க?"

"ஒடைஞ்சிருந்தாத்தானுங்க எழுத முடியும். இது நல்லாத்தான இருக்குது."

"அப்ப ஒடைச்சே குடுங்க. ஒட்டிக் கும்புட்டுக்கறோம்."

நான் கண்காட்சியை நடத்திய துறைத்தலைவரிடம் போனேன். 'மக்களின் வரலாறு மக்களுக்கே' என்ற பதாகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவர், கமிட்டி அடுத்த மாதம் கூடும் என்றார். கல்லுக்கு நான் எழுதிய அட்டை மிக நன்றாக இருப்பதாகவும் சொன்னார்.

திரும்பி வந்து சொன்னேன். விவசாயி என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கைப்பேசியை எடுத்தார்.

"எல்லாரும் இங்கயே வந்துருங்க சாமி. ஆட்டையும் ஏத்திக்குங்க."

வெள்ளி காலை ஆறரைக்கு, ஆட்டையாம்பட்டி வழியாக இரண்டு வேன்களில் முப்பது பேரும் ஓர் ஆடும் வந்தார்கள். வாயிற்காவலர் ஆட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"ஏனுங்க, இதுக்கும் நம்பர் போட்டுருவீங்களா?" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டார்.

"இது திரும்பி வெளிய போகாதுங்களே. நீங்க போங்க" என்று காவலர் கம்பியைத் தூக்கினார்.

கூடத்தின் படிக்கட்டுக்குக் கீழே அடுப்பு மூட்டினார்கள். வீரனுக்கு எண்ணெய் பூசி, எண்ணின் மேலேயே சந்தனம் அப்பினார்கள். 'பொருட்களைத் தொடாதீர்கள்' என்ற அட்டையில் யாரோ மாலையை மாட்டி வைத்திருந்தார்கள். இரண்டு நாட்களாக ஆள் வராத கூடத்தில் நிற்க இடமில்லை. துறைத்தலைவர் வந்ததும் முதல் வேலையாகப் படம் எடுக்கச் சொன்னார். ஆண்டறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு' என்ற தலைப்புக்கு இதுவரை படம் கிடைக்கவில்லையாம். ஸ்டோர்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது விவசாயி என்னிடம் "வாரேனுங்க" என்றார்.

கமிட்டி இரண்டு முறை கூடிவிட்டது. கல் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது.