சும்மா ஒரு துணி சுத்தறது

"கட்டைவிரலை இங்க வைங்க. இறுக்கவும் வேண்டாம், தளத்தவும் வேண்டாம். சும்மா வெச்சிருங்க, போதும்" என்று கட்டுத்துணியின் தலைப்பைக் காயக்காரரோடு வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, சென்னிமலை கத்தரியைத் தேடுகிறார். கத்தரி அவர் இடுப்பில்தான் நாடாவில் கட்டித் தொங்குகிறது. தினமும் அங்கேதான் தொங்குகிறது, தினமும் தேடுகிறார்.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவர் டிரெஸ்ஸர். அதாவது காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். சேந்தமங்கலம் பக்கம் அவருடைய சொந்தக்காரர்கள் அதைச் சர்க்காரில் துணி தைக்கிற உத்தியோகம் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பொங்கலுக்குப் போனால் சட்டைத் துணியோடு வந்து நிற்கிறார்களாம். "அளவு மட்டும் எடுத்துக்கங்கங்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றதுங்க?" என்றார். அளவெடுத்துக்கொண்டு வந்து இங்கே தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து அனுப்புகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பழைய கட்டைப் பிரிப்பதில் அவருக்கு ஒரு தந்திரம் உண்டு. புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியைக் கையில் பிடித்தபடி, யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்பார். "ஏனுங்க, எருமை கன்னு போட்டுருச்சுங்களா?" ஆசாமி நாள் கணக்குப் பார்ப்பதற்குள் துணி வந்துவிடும். லாரி டிரைவர் என்றால் என்ன லோடு, எந்த ஊர் என்பார். மோட்டார் சைக்கிள் சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டு போன என்னிடம், "கதை எழுதுவீங்களாமே. ஒரு கதைக்கு எத்தனை பேரைச் சாவடிப்பீங்க?" என்றார். நான் நேர்மையாக எண்ணத் தொடங்கினேன். அலறியது அதற்கப்புறம்தான்.

மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. காயம்தான் அடையாளம். பஸ் ஸ்டாண்டில் யாரையாவது பார்த்தால், "அட, போர் போடற ரிக் வண்டி மோதிர விரலு, சௌக்கியமுங்களா?" என்று நலம் விசாரிப்பார். தான் போட்ட கட்டு அழுக்காகி யார் காலிலாவது தெரிந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்த் திட்டுவார். ஒரு தரம் புறப்பட்ட டவுன் பஸ்ஸையே நிறுத்தி, ஜன்னலோரம் தெரிந்த ஒரு முழங்கையைத் திட்டினார். கண்டக்டர் விசில் ஊதவில்லை. அவரும் ஒரு காலத்தில் கணுக்கால்.

அவரிடம் உள்ள பெரிய மருந்து ஒரு சொல்தான். சும்மா. ஊசி என்றால் சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி. டிங்சர் என்றால் சும்மா பச்சைத் தண்ணி. எலும்பு விலகியிருந்தால், "சும்மா கோவிச்சுக்கிட்டு ஒதுங்கி நிக்குதுங்க, டாக்டரு வந்து சமாதானம் பண்ணீருவாரு" என்பார். கேட்கிறவனுக்குப் பாதி வலி அங்கேயே போய்விடும்.

இந்தச் சொல்தான் சென்ற ஆண்டு அவர் காலை வாரியது.

ஆஸ்பத்திரி வேலைகளை எடைபோட்டுத் தரம் பிரிக்க மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் என்ன பயிற்சி வேண்டும், எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு ஆபத்து, எவ்வளவு உடல் சிரமம் என்று கேட்டு மார்க் போடுவார்கள். மார்க் கூடினால் திறன் பெற்ற பணியாளர். காக்கி போய் வெள்ளைச் சட்டை வரும். குறைந்தால் பொதுப் பணியாளர். இன்று கேட், நாளை தோட்டத்துக்குத் தண்ணீர் என்று சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். சென்னிமலைக்கு வெள்ளைச் சட்டையில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பயந்தது கட்டுப் போடும் மேஜை போய்விடுமே என்றுதான். "கேட்டுல நிக்கச் சொன்னா நான் செத்தே போயிருவனுங்க" என்றார் என்னிடம். அந்த வாக்கியத்தில் மட்டும் சும்மா இல்லை.

தலைமை எழுத்தர் வெங்கடாசலம் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். "கட்டுப் போடறேன்னு சொல்லாதீங்க, காயப் பராமரிப்புன்னு சொல்லுங்க. ஆபத்துன்னு கேட்டா சீழு, ரத்தம், தொத்துன்னு அடுக்கோணும். கேக்கறவருக்குக் குலை நடுங்கோணும்." சென்னிமலை வீட்டில் உட்கார்ந்து உருப்போட்டார். அவர் மனைவி காளியாத்தாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிங்க. அந்தச் சும்மாவை மட்டும் அன்னைக்கு ஊட்டுலயே வெச்சுப்போட்டுப் போங்க" என்றாராம்.

அதிகாரி வந்தார். கேட் காவலாளி ஆண்டி முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். திருடன், குடிகாரன், பாம்பு, வெறிநாய் என்று அவன் அடுக்கியதை வராந்தாவில் கட்டுக்குக் காத்திருந்த நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஆண்டி தூங்குவதைத் தவிர வேறெந்த ஆபத்திலும் இறங்கியதாக ஊரில் பேச்சில்லை.

அடுத்து கட்டுப் போடும் அறை. என் காலுக்குக் கட்டு முடிந்து நான் இறங்குவதற்கும், அதிகாரி அட்டையும் பேனாவுமாக நுழைவதற்கும் சரியாக இருந்தது. சென்னிமலை தொண்டையைச் செருமிக்கொண்டு, "காயப் பராமரிப்பு..." என்று தொடங்கினார். அதற்குள் குஞ்சம்மாள் என்ற பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெட்டும்போது அரிவாள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. "என்ர கை போச்சே" என்று அலறிக்கொண்டிருந்தாள். சென்னிமலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரிக்கு நேரமில்லை. நின்றபடியே கேட்டார். "இந்த வேலைக்கு என்ன பயிற்சி வேணும்?"

குஞ்சம்மாள் அலறலை நிறுத்திவிட்டுச் சென்னிமலையின் வாயைப் பார்த்தாள்.

சென்னிமலை அவள் முகத்தைப் பார்த்தார். "பயிற்சி என்னங்க பயிற்சி. சும்மா ஒரு துணி சுத்தறதுதானுங்க."

"ஆபத்து ஏதாவது?"

"ஒரு ஆபத்தும் இல்லீங்க. இந்தக் கையெல்லாம் நாலே நாள்ல கெழங்கு புடுங்கப் போயிரும்."

"உங்க பொறுப்பு?"

"எனக்கென்னுங்க பொறுப்பு? எல்லாம் டாக்டரு பாத்துக்குவாரு. கெட்டிக்கார டாக்டருங்க."

"உடல் சிரமம்?"

ரத்தத்தை நிறுத்த முழு பலத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "சும்மா புடிச்சுட்டு நிக்கறேன், அவ்வளவுதானுங்க."

ஜன்னலுக்கு வெளியே வெங்கடாசலம் தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதை எழுதிக்கொண்டு போனார். குஞ்சம்மாள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தச் சாரு என்னமோ கேட்டாரு, நீங்க என்னமோ சொன்னீங்க. அதையே பாத்துட்டு இருந்துட்டனுங்க. இது எப்பங்க கட்டுனீங்க?" எருமை கன்று போட்டதா என்று கேட்கிற வேலையை அன்றைக்கு மெட்ராஸ் அதிகாரியே செய்து கொடுத்திருக்கிறார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே" என்று வெங்கடாசலம் கத்தினார். "அந்த அம்மிணி கேட்டுட்டு இருந்துச்சுங்களே. ஆபத்துன்னு எப்படிங்க சொல்றது?" என்றார் சென்னிமலை.

உத்தரவு வந்தது. ஆபத்தில் அள்ளிக் குவித்த ஆண்டி திறன் பெற்றவன் ஆனான். திறன் பெற்றவனைக் கேட்டில் நிறுத்துவது வீண் என்று, வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டு மேஜைக்கு அனுப்பினார்கள். சென்னிமலை பொதுப் பணியாளர் ஆனார். காக்கிச் சட்டையோடு கேட்டுக்கு வந்தார். சாகவில்லை.

அதே கெண்டைக்காலை அதே சைலன்சரில் நான் மறுபடியும் சுட்டுக்கொண்டது என் சாமர்த்தியம். ஆண்டி எனக்குப் போட்ட கட்டு, காலில் தலையணை உறை மாட்டிய மாதிரி இருந்தது. நொண்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது ஒரு கை தடுத்தது. "இருங்க சாமி." எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரும் ஒரு முழங்கையும் காத்திருந்தார்கள். உள்ளே போய்க் கட்டிக்கொள்வது, கேட்டில் வந்து சரியாகக் கட்டிக்கொள்வது என்று ஊர் அதற்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டுவிட்டது.

என் முறை வந்து, கால் அவருடைய ஸ்டூல் மேல் இருந்தது. பாதிச் சுற்றில் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. புதிய தரப்பிரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க அதே அதிகாரி வந்திருந்தார். கேட் திறக்கவில்லை என்று இறங்கி வந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதானுங்க நிக்கறேன்" என்றார் சென்னிமலை. கேட்டைப் பார்த்தார், அது இப்போது அவருடைய வேலை. கையில் இருந்த துணியைப் பார்த்தார். தலைப்பை அதிகாரியின் கையில் கொடுத்து, "கட்டைவிரலை இங்க வைங்க" என்றார். அதிகாரி குனிந்து என் கெண்டைக்காலில் விரலை வைத்தார்.

சென்னிமலை பாதி தூரம் போனவர் திரும்பி வந்தார். அதிகாரியின் கட்டைவிரலை ஒரு நெல்லளவு நகர்த்தி வைத்துவிட்டு, கேட்டைத் திறக்கப் போனார்.