வரைபடத்துல இல்லாத வீடு

"மேல போறதுக்கு அழகழகா பேரு வெக்கிறானுங்க. கீழ விழுறதுக்கு எவனாவது பேரு வெச்சானா?" குல்யாஷ் பெரியம்மா யாரைப் பாத்தாலும் இதையேதான் கேப்பாங்க. புருஷன் போனப்புறம் தனியா குதிரை மேய்ச்சவங்க. எங்க பக்கத்து ஏவுதளத்துலேருந்து செவ்வாய்க்கு ரோபோ போனாலும் நிலாவுக்குப் போனாலும், கழண்ட ராக்கெட் துண்டு எங்க கஜகஸ்தான் புல்வெளியிலதான் விழும். கடைசியா விழுந்ததோட எரிபொருள் ஊத்துல கலந்து, அவங்க பால் கறக்குற குதிரைங்க அத்தனையும் செத்துப்போச்சு.

விசாரிக்க வந்த அதிகாரி அவங்க வீட்டுலயே சம்மணம் போட்டு, மூக்காலயே பேசினாரு. "வரைபடப்படி இது ஆளில்லாத பகுதிம்ம்மா. இங்க வீடு இருக்குன்னு நான் எழுத முடியாதும்ம்மா." எழுதலைன்னா அடுத்த துண்டும் இங்கதான் விழும்.

எங்க பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் டீ ஊத்துவோம். நிறைய ஊத்தினா, எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். பெரியம்மா விளிம்பு வரைக்கும் ஊத்தினாங்க. அவருக்கும் அது தெரியும், மூஞ்சி சிவந்துபோச்சு.

"என்னம்மா, வீட்டை விட்டு வெரட்டுறீங்களா?"

"எந்த வீட்டை விட்டுப்பா? நீதான் இங்க வீடே இல்லைங்கிறியே. வெளிய போய் வானத்தைப் பாத்துட்டு நில்லு, அடுத்தது எப்ப விழும்னு உனக்குத்தானே தெரியும்!"