சத்தம் கூடிய ஸ்பீக்கர்

யுத்த காலத்தில் லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கணினி வைத்துத் தட்டச்சு வேலை செய்துவந்தேன். துறைமுகப் பக்கமிருந்து ஷெல் அடிக்கும்போதெல்லாம் எழுத்துகள் பிழையாக விழும். பாட்டுப் போட்டு அந்தச் சத்தத்தை மறைக்கலாம் என்று ஸ்பீக்கர் வாங்கப் போனேன்.

"மேசையில வைக்கிறதுக்குச் சின்னது ரெண்டே காணும், பெரிசு தேவையில்ல, தங்கச்சி" என்றார் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர்.

"இல்லை நானா, வெளிச்சத்தம் ஒண்டும் கேக்கக் கூடாது" என்று இருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் எங்கள் தெருவில் இராணுவத் தேடுதல் நடந்திருக்கிறது. எல்லோரையும் வெளியே வரச்சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். எனக்கும் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற கணவருக்கும் பாட்டு மட்டுமே கேட்டது. கதவு உடைந்து விழுந்தபோதுதான் திரும்பினேன். துவக்கை நீட்டியபடி நான்கு பேர்.

"கூப்பிட்டா ஏன் வரேல்ல? உள்ளுக்கு ஆர்?"

ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து நிலத்தில் மோதினான். ஓடிவந்த கணவரைத் துவக்குப் பிடியால் முகத்தில் அடித்தார்கள். விழுந்த பிறகும் காதோடு சேர்த்து உதைத்தார்கள். "பாட்டுச் சத்தத்தில கேக்கேல்ல ஐயா!" என்று நான் கதறியதும் பாட்டிலேயே அமுங்கிப்போனது. ஒருவன் ஸ்பீக்கரைச் சுட்ட பிறகுதான் என் குரல் அவர்களுக்குக் கேட்டது.

உயிர் தப்பினோம். அவருடைய இடது காது கேளாமல் போய்விட்டது.

இப்போது என் மேசையில் இருப்பவை உள்ளங்கையளவு ஸ்பீக்கர்கள். வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்கும்படிதான் சத்தம் வைப்பேன்.

"இஞ்சேரப்பா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுமன்" என்பார் அவர்.

எனக்கு ஏலாது. வலது காது ஸ்பீக்கர் பக்கம் வரும்படி அவர் உட்கார்ந்திருக்கும் கதிரையைத் திருப்பிவிடுவேன்.