இரண்டு தடவை ஏறிய கொடி

நாளை மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டும் என்றார் மேனேஜர். நாளை ஆகஸ்ட் பதினைந்து, ஊரே லீவு சார் என்றேன். நமக்குத்தான் லீவு, வேலையைக் கேட்கிறவர்களுக்கு இல்லையே என்றார்.

கிள்ளானிலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்காகக் கச்சிபௌலிக்கு வந்தவள் நான். ஆகஸ்ட் கடைசியில் பயிற்சி முடிகிறது. நான் எழுதிய மென்பொருள் பகுதி செப்டம்பர் நடுவில்தான் புழக்கத்துக்குப் போகும். அதுவரை நடுவில் ஊருக்குப் போகாமல் இருந்தால் அடுத்த வருடம் இங்கேயே நிரந்தர வேலை. இல்லையென்றால் அதை வேறொருவர் எடுத்துக்கொள்வார். கேட்டதும் மனம் துள்ளிய வேகத்தை மறைக்க மாட்டேன். எனக்கு எதிலும் அவசரம். புதிய ஊர், புதிய வேலை, புதிய பேருந்துத் தடம் என்று எதைக் காட்டினாலும் ஓடுவேன்.

ஆனால் ஆகஸ்ட் முப்பத்தொன்று இருந்தது. அது எங்கள் நாட்டின் சுதந்திர நாள். நாங்கள் மெர்டேக்கா என்போம். விடியும் முன்னே அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் குளித்து, அப்பாவின் பழைய காரில் நெருக்கியடித்துக்கொண்டு அணிவகுப்பு பார்க்கக் கோலாலம்பூருக்குப் போவோம். நினைவு தெரிந்த நாளிலிருந்து போகிறோம். அக்காவுக்கு இந்த வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. செப்டம்பர் மூன்றாம் தேதி பெர்த்துக்குப் புறப்படுகிறாள். அதுவரை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நாலு பேரும் ஒரே வாசலிலிருந்து கிளம்பும் கடைசி முப்பத்தொன்று இது.

"அல்வாலுக்கு வா, எங்க வீட்ல உட்கார்ந்து யோசி," என்றாள் அலுவலகத் தோழி. அன்று மாலையே அவள் ஸ்கூட்டரின் பின்னால் தூறலில் ஒன்றரை மணி நேரம் போனேன். அவள் தாத்தாவின் அப்பா ஆர்க்காடு பக்கமிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவராம். அவளுடைய அப்பாவும் அதே பட்டறையில்தான் ஓய்வு பெற்றார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் தமிழில் கேட்பார்கள், இவள் தெலுங்கில் பதில் சொல்வாள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை, "பசியாறிட்டீங்களா ஆண்ட்டி?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன். காலையில் யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் முதலில் கேட்பது அதைத்தான். ஆண்ட்டி அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"இன்னா அழகா கேக்குது பாரு இந்தப் பொண்ணு! நம்ம வீட்ல ஒருத்தர் கேட்டிருக்காங்களா என்னை?"

"உனக்கு எந்த ஊரும்மா?" இது அங்கிள்.

"கிள்ளான், அங்கிள்."

"அது சரி, ஒரிஜினலா?"

"ஒரிஜினலாவும் கிள்ளான்தான். உங்களுக்கு?"

"செகந்திராபாத்."

"ஒரிஜினலா?"

அங்கிள் ஒரு நொடி முழித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஹவ், ஹவ். மாட்டிக்கிட்டேன்." ஹவ் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஆமாம்.

அந்தச் சிரிப்பில் எனக்குச் சட்டென்று அந்த வீடு பிடித்துப்போயிற்று. தமிழ் பேசுகிற ஒரு வீட்டில், எங்கள் ஊர் எது என்று நான் நிரூபிக்க வேண்டியிராமல் போனது அதுவே முதல் தடவை.

அன்று அங்கிள் பரபரப்பாக இருந்தார். அவர்கள் காலனியில் இருபத்திரண்டு வீடுகள். சுதந்திர தினத்தன்று கொடிக் கயிற்றை இழுப்பது வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் இவர்கள் முறை. போன தடவை இவர்கள் முறை வந்தபோது அங்கிள் பட்டறையில் டியூட்டிக்குப் போய்விட்டார். இப்போது விடிந்ததிலிருந்து கூடத்துத் தரையில் கொடியை விரித்து, நடுவில் சாமந்தி இதழ்களை வைத்து, மடித்து, சுற்றி, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"சாலுப்பா, பாகுந்தி," என்றாள் தோழி. போதும், நன்றாகத்தான் இருக்கிறதாம்.

"இழுக்கிறதுக்கு முன்னாடி அவுந்துட்டா? மானம் போயிடும்."

கொடிக்கம்பத்தடியில் எல்லோரும் வரிசையாக நின்றோம். மூட்டை மேலே போயிற்று. அங்கிள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். விரியவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். கம்பம்தான் ஆடியது. சுருக்கு முடிச்சாகப் போட வேண்டியதை, அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் பட்டறைக் கை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தது. அதைக் கவனிக்காத காலனிச் செயலாளர், கயிறு அசைந்ததுமே வழக்கம்போல் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்.

தொடங்கிவிட்டால் யாரும் அசையக் கூடாது. காலனி முழுக்க விறைப்பாக நின்று, உச்சியில் ஆடும் ஒரு துணி மூட்டையைப் பார்த்துப் பாடியது. அங்கிள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். காது சிவந்திருந்தது. எனக்கு வார்த்தைகள் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்படிச் சும்மா நின்றதால்தானோ என்னவோ, உடம்பு வேறெங்கோ போயிற்று. பள்ளிச் சபை. எங்கள் கீதம். உயரப்படி நிற்கச் சொன்னால் அக்கா எனக்குப் பின்வரிசையில் வருவாள். நான் அசையக் கூடாது என்று தெரிந்தே, பாட்டு முடியும்வரை என் சடை நுனியைச் சுண்டிச் சுண்டி இழுப்பாள். அல்வாலில் நிற்கும்போது முதுகில் அந்த இழுப்பு வேண்டும் போலிருந்தது. அவ்வளவு வேண்டும் போலிருந்தது.

பாட்டு முடிந்ததும் சிரிப்பு வெடித்தது. மூட்டையை இறக்கினார்கள். ஆண்ட்டி கொண்டையிலிருந்து ஊசியை உருவி முடிச்சைக் குத்திப் பிரித்தார்.

"போன தடவை நான்தான் இழுத்தேன். ஒத்த இழுப்பு! பூவு கொட்டுச்சு பாரு, அப்படி ஒரு கொட்டு," என்றார் எல்லோருக்கும் கேட்க.

"ஹவ்மா, இத்தனை வருஷமா சொல்ற. நான்தான் பாக்கலியே," என்றார் அங்கிள். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அன்னிக்கு டியூட்டில இன்னா வேலை பண்ணேன்னுகூட ஞாபகமில்ல," என்றார்.

இரண்டாவது தடவை கொடி விரிந்தது. ஆண்ட்டியையும் கயிற்றில் கை வைக்கச் சொல்லித்தான் இழுத்தார். கீதமும் மறுபடி பாடப்பட்டது.

டியூட்டியைப் பற்றி அங்கிள் சொன்னது மதியம்வரை எனக்குள் ஓடியது. பகாரா சாதமும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டு முடிக்கும்போது முடிவெடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன். மேனேஜருக்கு எழுதுமுன் அக்காவிடம் சொல்ல வேண்டும். மாடிக்குப் போய் அழைத்தேன். இங்கே மணி மூன்று, அங்கே ஐந்தரை.

"அக்கா, நான் வந்துர்றேன். இப்பவே சொல்லிடப் போறேன்."

"அப்ப வேல?"

"வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"நீ செஞ்சதையா?"

"ஆமா."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். வரவில்லை.

"பைத்தியமா லா ஒனக்கு? இரு அங்கேயே. முடிச்சிட்டு வா. மெர்டேக்கா வருசா வருசம் வரும்."

"நீ இருக்க மாட்டியே."

"நான் எங்க போறேன்? பெர்த்துக்குத்தானே. ஏறி உக்காந்தா அஞ்சு மணி நேரம். நீ போன வாரம் பூரா அந்த வேலையைப் பத்தியே பேசுன, தெரியுமா? என்னையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

"சாரி லா."

"சாரி வேணாம். இரு."

நான் சண்டையை எதிர்பார்த்துத்தான் அழைத்திருந்தேன். ஒழுங்கா வந்து சேரு என்று அவள் அதட்ட வேண்டும், நான் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவள் இரு என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. அதை அவள் கேட்டிருப்பாள். என் மூச்சு மாறினாலே கண்டுபிடிப்பவள்.

"சரி," என்றேன்.

ஒரு தடவைகூட மறுக்கவில்லை. இல்லை அக்கா, வருகிறேன் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். எதற்கும் ஓடுகிற நான் இதற்கும் ஓடிவிட்டேன்.

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கள் அறையின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று சுற்றுக்கு ஒரு முறை அது 'டக்'கென்று தட்டும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு 'டக்'குக்கும் காத்திருந்தேன்.