வர வேண்டாம் என்று எழுதினேன்

பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் மூன்று படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் என் மனைவியின் பெயரும், அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமும் இருந்தன. வாப்பா பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்தில் முப்பது வருடம் சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆள் நான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்.

"என்ன எழுதியிருக்கு மகன்?" என்று கேட்டார்.

செயற்கைச் சுவாசம் கொடுக்கவும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை செய்யவும், அதில் ஏதும் நேர்ந்தால் ஏற்றுக்கொள்ளவும் சம்மதம் என்று எழுதியிருந்தது.

"புள்ளையள நல்லாப் பாப்பாங்களாம்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா.

இரண்டு மாதம் முந்திப் பிறந்தவர்கள். முதல் இரண்டும் பெண்கள். ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள். மூன்றாவது ஆண், அந்தக் கிலோவைத் தொடவில்லை. மூவரையும் மூன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மனைவி தாய்மார் அறையில் தங்கி, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறிய கோப்பையில் பால் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அந்த வேலையாவது இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. பள்ளி விட்டதும் பாலாவிச் சந்தியில் பஸ் ஏறி, பார்வை நேரத்துக்குப் போய், கதவுக் கண்ணாடி வழியாகப் பத்து நிமிடம் பார்ப்பேன். பெட்டியின் ஒரு மூலையும் ஒரு குழாயும் தெரியும். சில நாள் ஒரு கால் தெரியும். யாருடைய கால் என்று தெரியாது.

"நான் ஏதும் செய்யலாமா மிஸி?" என்று ஒருநாள் தாதியிடம் கேட்டேன். சிங்களப் பெண், எங்களுடைய தமிழ் நன்றாகப் பேசுவார்; 'ஐயா' என்பது மட்டும் சிங்களத்தில் வரும்.

"மஹத்தயா வழிய விட்டு நின்டாப் போதும்" என்றார்.

பிறகு பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். பழைய வெள்ளைத் துணி இருந்தால் துவைத்து, அயன் பண்ணிக் கொண்டுவரச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் இருந்த பழைய வெள்ளைச் சாரன்கள், படுக்கை விரிப்புகள் எல்லாம் என் கையில் சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டன. நெருப்புச் சூட்டில் அயன் பண்ணினேன். வாப்பா பார்த்துவிட்டு, "வெளியூர்ப் பயணத்துக்கா இதெல்லாம்?" என்று சிரித்தார்.

மூன்றாவது கிழமை முடியும்போது மூன்றாவது பிள்ளையின் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். திரையை இழுத்துவிட்டார்கள். நெஞ்சில் கிருமி தொற்றியிருக்கிறது என்று சொன்னார்கள். ஒரு கிழமை மிஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது.

"கால் ரெண்டும் நீலமா இருந்திச்சு" என்றாள் மனைவி. அழவில்லை. கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க படிச்ச ஆள்தானே. என்னத்தால வந்ததெண்டு டொக்டரிட்டக் கேளுங்க."

கேட்டேன். வைத்தியர் கையை விரித்தார். "எங்கிருந்தும் வரலாம். ஒரு கை போதும். ஒரு தும்மல் போதும்."

அவன் தப்பினான். மெல்ல மெல்லக் குழாய்கள் குறைந்தன. பெட்டியைத் திறந்து, மூன்று பேரையும் தாயின் நெஞ்சில் மாறி மாறிக் கிடத்தும் காலம் வந்தது. தகப்பன்மாருக்கு அங்கே இடமில்லை. சுற்றிவரப் பால் கொடுக்கும் தாய்மார். ஒரேயொரு தடவை கையைக் கழுவச் சொல்லி, மூன்றாவது பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைக்க விட்டார்கள். அவன் பிடித்தான். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் என் பிள்ளைகளில் ஒன்றையும் நான் தூக்கியதில்லை.

வீட்டுக்கு விடப்போவதாகச் சொன்ன அன்று வைத்தியர் என்னை இருக்கச் சொல்லிப் பேசினார். புகை ஆகாது. தூசி ஆகாது. கொஞ்சுவது ஆகாது. குறைந்தது மூன்று மாதம் வெளியாட்கள் வரக் கூடாது. "முக்கியமா மூன்றாவது பிள்ளை. உங்களுக்கு வர்றது மூக்கு ஒழுகுற தடிமன். அவனுக்கு அது தடிமன் இல்ல." நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவர் நிறுத்தியபோது, இன்னும் ஏதும் இருக்கா டொக்டர் என்று கேட்டேன். எழுத எழுத எனக்குத் தைரியம் வந்தது. எழுதியதைச் செய்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது. லொறிகள் பிரதான வீதியில் போனாலும் தூசி எங்கள் ஜன்னலைத் தேடி வரும். ஜன்னலுக்கு நுளம்பு வலை அடித்து, அதன்மேல் ஈரத்துணி தொங்கவிட்டேன். கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். அடுப்பை வீட்டுக்குள்ளிருந்து பின்பக்கக் குசினிக் கொட்டிலுக்கு மாற்றினேன். வாப்பா பீடிக்கட்டைத் தானாகவே கிணற்றடிக் குப்பையில் போட்டார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழகினார். உப்பில் வெடித்த கை எரியும், ஆனாலும் முழங்கை வரை கழுவுவார். உம்மாதான் சாம்பிராணிச் சட்டியை விட மறுத்தார்.

"சாம்பிராணி பிடிக்காம புள்ளையட தல எப்பிடிக் காயும்?"

"புகை உம்மா."

"நீயும் அந்தப் புகையிலதான் வளந்த. நெஞ்சு வெடிச்சா கெடக்கு?"

கடைசியில் சட்டி அலுமாரிக்கு மேலே போனது. பெரிய பிரச்சினை அதுவல்ல. எங்களில் பிள்ளை வீட்டுக்கு வருகிறது என்றால் அன்றைக்கே ஒழுங்கை முழுதும் வந்துவிடும். பிள்ளையைக் கையில் வாங்குவார்கள், கன்னத்தில் கொஞ்சுவார்கள், உதட்டில் தேன் தொடுவார்கள், துஆ ஓதி ஊதுவார்கள். ஒரு பிள்ளைக்கே அப்படி. ஒரே சூலில் மூன்று என்றால்? ஆலங்குடாவிலிருந்து உம்மாவின் தம்பி போன் எடுத்து, ஒரு வேன் பிடித்துப் பதினாலு பேர் வரப்போகிறோம் என்றார். எனக்கு அந்த நீலக் கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பிரிஸ்டல் போர்ட் அட்டையில், தடித்த மார்க்கர் பேனையால், வகுப்பில் எழுதுவதுபோல நேராகக் கோடு கீறி எழுதினேன்: 'குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்துள்ளனர். வைத்திய ஆலோசனைப்படி மூன்று மாதங்களுக்குப் பார்வையாளர்கள் வருவதைத் தவிர்த்துக்கொள்ளவும். நன்றி.' அதை கேற்றில் கம்பியால் கட்டினேன். ஒழுங்கையில் வளர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது என்பது கட்டும்போது எனக்கு நினைவில் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுச் சாச்சி. சொந்தச் சாச்சி இல்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கடல் வழியாக வந்து கற்பிட்டியில் இறங்கி, உடுத்த உடுப்போடு இங்கே வந்த என் வாப்பாவையும் உம்மாவையும் தன் வீட்டு அறையில் இருத்தியவர். நான் பிறந்ததும் அந்த அறையில்தான். கையில் ஒரு பொட்டலத்தோடு கேற்றடியில் நின்று அட்டையைப் பார்த்தார்.

"என்ன மகன், ஊடு வாடகைக்கா?"

"இல்ல சாச்சி."

"அப்ப ஐஸ் பக்கட் விக்கப் போறியளா?"

"இல்ல சாச்சி. இது புள்ளையளப் பத்தி."

"அப்ப வாசி. எனக்கு எழுத்து ஏறல்லயெண்டு ஒனக்குத் தெரியுந்தானே."

நான் வாசித்தேன். என் சொந்த எழுத்தை அவர் முகத்துக்கு முன்னால் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நன்றி என்பதையும் வாசித்தேன்.

"அப்ப நானும் வரேலாது."

"எல்லாரும்தான் சாச்சி. டொக்டர்தான்..."

"வெளங்குது, வெளங்குது." அட்டையை இன்னொரு தடவை பார்த்தார். "நல்ல எழுத்து. ஒரு கோணலும் இல்ல." பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து போனார். உள்ளே என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

வாசலில் நின்ற உம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அண்டைக்கு அவள் இப்பிடி ஒரு அட்டையத் தூக்கியிருந்தா நாங்க எங்க கெடந்திருப்பம்?"

"அண்டைக்கு உங்களுக்கு வருத்தம் ஒண்டும் இருக்கல்லயே உம்மா."

"ஆரு சொன்ன? சிரங்கு, காய்ச்சல், வயித்தோட்டம், எல்லாம் இருந்திச்சு. அவள் கேக்கல்ல."

அட்டையைக் கழற்றப் போனேன், கம்பியில் கை வைத்தேன், விட்டுவிட்டு வந்தேன். உம்மா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. "ஒங்கட மகனுக்குச் சோறு ஆறுதாம்" என்று வாப்பாவிடம் சொல்லுவார், நான் பக்கத்தில் இருக்கும்போதே. வாப்பா என் பக்கம் திரும்பி, "ஆறுதாம்" என்பார்.

சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. மூன்று பிள்ளைக்கு மூன்று மடி வேண்டும்: முதலாவது மனைவியின் மடியில், இரண்டாவது உம்மாவின் மடியில், மூன்றாவது என் மடியில். வேன்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தேன். உண்மையில் அது பாதுகாப்புக்காக மட்டுமல்ல. மெதுவாகப் போனால் அவன் கூடுதல் நேரம் என் மடியில் இருப்பான். துவாயைச் சுருட்டி வைத்துத் தலையை எப்படித் தாங்குவது என்று பழகிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது தொண்டை கரகரத்தது. அந்தக் கிழமை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள். கூரை துடைத்த தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. கிணற்றடியில் இருந்த வாப்பா தலையைத் திருப்பினார்.

"இது என்ன இருமல்?"

"தூசி வாப்பா."

"முப்பது வருசம் உப்பும் தூசியும் திண்டவன் நான். தூசி இருமல் இப்பிடி வராது."

திரும்பி வாளியைக் கிணற்றில் விட்டார். இன்னும் ஏதும் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். யாருக்கும் சொல்லாமல் மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம். முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரு மணித்தியாலம்தானே. இப்படி ஒவ்வொன்றாக யோசித்தேன், வெட்கமில்லாமல்தான் யோசித்தேன். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும்போது நெற்றி சுட்டது. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். பின்னால் ஏதோ பிள்ளை கத்தியது.

"அப்ப நீங்க வராதீங்க" என்றாள்.

"மூணாமத்தவன ஆரு தூக்குற?"

"மாமா தூக்கட்டும்." என் வாப்பாவைத்தான் சொன்னாள்.

"ஊட்டுக்கு வந்த பிறகு?"

"நீங்க உள்ளுக்கு வராதீங்க. சுகமாகி ஒரு கிழமை போகட்டும்." பிறகு குரல் இறங்கியது. "நான் சொல்லாம வேற ஆரு சொல்ற?"

அன்றைக்கே என் பாயையும் கோப்பையையும் ஒரு சோற்றுப் பீங்கானையும் எடுத்துக்கொண்டு குசினிக் கொட்டிலுக்கு மாறினேன். அடுப்பை மூட்டினால் நான் வெளியே போய் நிற்க வேண்டும். உம்மா சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டு, "எடு மகன்" என்றார். நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

மறுநாள் காலை வாப்பா நகம் வெட்டி, வெள்ளைச் சாரனும் சேட்டும் உடுத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் முற்றத்தில் தள்ளி நின்று துவாயைச் சுருட்டிக் காட்டினேன்: இப்படித் தலை, இப்படிக் கழுத்து, நெஞ்சில் பாரம் படக் கூடாது. அவர் ஒவ்வொரு தடவையும் துவாயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பத் தூக்கினார். "இதவிட உப்புச் சாக்கு லேசு" என்றார்.

வேன் திரும்பி வரும்போது ளுஹர் தொழுகை முடிந்து நல்ல வெயில். நான் ஒழுங்கையின் மறுபக்கம், சாச்சியின் வேலியோரம் போய் நின்றேன். என் வாசலை விட்டு விலகி நிற்க வேறு இடமில்லை. ஒழுங்கையில் எல்லா கேற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கடந்து வரவில்லை.

சாச்சி என்னைப் பார்த்தார். "நீயும் வெளியவா மகன்?"

"ஓம் சாச்சி. தடிமன்."

முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "ஒனக்கு ஒரு அட்டை எழுத ஆளில்லாமப் போச்சு" என்றார்.

முதலில் மனைவி இறங்கினாள், பிறகு உம்மா. இருவர் கையிலும் வெள்ளைச் சுருள். மனைவி என் பக்கம் பார்த்தாள்; கையில் பிள்ளை இருந்ததால் கை காட்ட முடியவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். கடைசியாக வாப்பா. ஒரு காலைக் கீழே வைத்து, தரை உறுதியா என்று பார்த்து, மற்றக் காலை வைத்தார். எங்கள் கேற்றிலிருந்து வாசலுக்குப் பத்து எட்டு வைத்தால் போதும். அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்ல முடியாது. பிள்ளையின் முகம் தெரியவில்லை; அவர் கையின் மேல் ஒரு குட்டி வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கதவு மூடியது.

நான் சுற்றி வந்து பின்முற்றத்தில், ஈரத்துணி தொங்கும் ஜன்னலுக்குத் தூரமாக நின்றேன். உள்ளே ஒரு பிள்ளை அழுதது. பிறகு இன்னொன்று. மூன்றாவது சத்தம் மெல்லியது, பூனைக்குட்டியைப்போல. அதுதான் அவன் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தடவை அழுதான். பிறகு பாதியில் நின்றுவிட்டது. மற்ற இருவரும் அழுதுகொண்டே இருந்தார்கள்.

"என்ன? என்ன நடந்த?" என்று கத்தினேன். கத்தியதும் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். உள்ளே ஒருவரும் பதில் சொல்லவில்லை. யாரோ அங்குமிங்கும் நடந்தார்கள். பாத்திரம் ஒன்று உருண்டது. ஜன்னலுக்குப் போக இரண்டு அடி வைத்தேன், நின்றேன். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டேன்.

பின்கதவு கொஞ்சமாகத் திறந்தது. வாப்பா தலையை மட்டும் நீட்டினார். நெற்றி முழுதும் வேர்வை.

"கத்தாத" என்றார். "பால் குடிக்கிறான்."

கதவைச் சாத்திவிட்டார்.